வயிற்றில் இருப்பதற்கும் ஓர் இழை

குழந்தைக்காக வைத்தியம் பார்க்கப் போகிற பெண்ணுக்கு இது இப்படி, அது அப்படி என்று சொல்ல அக்கம்பக்கத்தில் யாராவது இருப்பார்கள். கூடப் போகிற ஆம்பிளைக்குச் சொல்ல யாரும் இல்லை. மதுரையில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் போல எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தோம். சுவர் முழுக்கக் கொழுகொழுவென்று குழந்தைப் படங்கள். அதைப் பார்க்காமல் இருப்பதற்காக எல்லோரும் செல்போனைப் பார்த்தோம். எந்த ஊர் என்றுகூட ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் பேச்சு வராத ஆள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனாலும் இதைப் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது, எதிரில் முகம் இல்லை. எங்கள் கதை இன்னும் முடியவில்லை. ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவில் இருக்கிறோம். கை சும்மா இருந்தால் மனது ஓடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

என் மனைவி வள்ளி. கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. காரைக்குடியில் அப்பச்சி, அதாவது என் அப்பா, விட்டுப்போன வீட்டின் பின்கட்டு எங்கள் பங்கு. முன்கட்டில் அண்ணன் குடும்பம். அண்ணனும் நானும் சேர்ந்து கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போடுகிறோம். தேன்குழல், அதிரசம், மனகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு. ஆர்டர் பிடிப்பது, ஆட்களிடம் பேசுவது எல்லாம் அண்ணன். அடுப்பு மட்டும் என்னுடையது. தாழ்வான விறகடுப்புக்கு முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்தால், கூடை கூடையாகப் பொரித்து முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

இத்தனை வருடமும் வைத்தியம் என்றால் வள்ளிக்குத்தான். உள்ளூரில் மாத்திரை கொடுத்தார்கள். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, கர்ப்பப்பைக்குள் ஒரு மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். சாதாரண எக்ஸ்ரேதானே என்று நான் வெளியே இருந்தேன். உள்ளேயிருந்து அவள் கத்தியது கேட்டது. வெளியே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடைப்பு இல்லை என்றார்கள். முட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ரத்தத்தில் பார்த்தார்கள். வயதுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் மோசமில்லை. பிள்ளையார்பட்டிக்கு நடந்தோம். விரதம் இருந்தாள். கல்யாண வீடுகளில் நான் அடுப்படியில் இருப்பேன், அவள் கூட்டத்தில் இருப்பாள். விசேசம் உண்டா என்ற கேள்விக்கு அவள் எத்தனை முறை பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் கேட்டதில்லை.

கடைசியில் மதுரைக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா பழைய சீட்டுகளையெல்லாம் பொறுமையாகப் புரட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"அம்மாவுக்கு எல்லாம் பாத்திருக்கீங்க. சாரோட ரிப்போர்ட் எங்க?"

வள்ளி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்களே" என்றேன்.

"ஒண்ணும் இல்லைன்னு எதுல பாத்தீங்க?"

அவர் ஒரு பரிசோதனைக்குச் சீட்டு எழுதி நீட்டினார்.

விந்துப் பரிசோதனை என்று பெயர். அந்தச் சொல்லை இங்கே எழுதுவதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். எழுதாவிட்டால் இதைப் படிக்கிறவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. முந்தின இரண்டு மூன்று நாள் மனைவியோடு சேரக்கூடாது என்பார்கள். எடுத்ததைச் சூடு ஆறுவதற்குள் அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் எடுத்துக்கொண்டு காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே அங்கேதான். ஒரு சின்ன அறை, ஒரு சோபா, ஒரு கைகழுவும் தொட்டி, உள்தாழ்ப்பாள். பேர் எழுதி ஒட்டிய டப்பாவைக் கையில் கொடுத்த பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் பணம் கட்டும் இடம். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு நம்பருக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உடம்பு அதிர்ந்தது.

வெறும் டப்பாவோடு வெளியே வந்தேன். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பரவால்லண்ணே, நிறைய பேருக்கு இப்படித்தான். ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள். அவள் நிமிர்ந்து பார்க்காததற்கு இன்றைக்கும் நன்றியாக இருக்கிறேன்.

எதிர்க் கடையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வள்ளி கேட்டாள்.

"குடுத்துட்டீகளா?"

"இல்ல. வெளியில சத்தமா இருக்கு."

"சத்தமா?" என்றாள். கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். டீ புடவையில் சிந்தியது. "என்னைய எத்தனை பேரு, எத்தனை வருசமா, என்னென்ன பண்ணிருப்பாக. ஒரு டப்பாவுக்கே இப்படி வேர்த்து ஊத்துறீகளே! அடுப்புல உக்காரும்போதுகூட இவ்வளவு வேர்க்காதே."

சிரித்து முடித்ததும் நேராக உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் பேசினாள். மனைவியும் கூட வரலாம் என்று விட்டார்கள். அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். மீதியை எழுதப் போவதில்லை.

ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். உயிரணு எண்ணிக்கை இருக்க வேண்டியதைவிட ரொம்பக் குறைவு. இருப்பதிலும் முன்னோக்கி நீந்துவது கொஞ்சம். மீதி அங்கேயே சுற்றுகிறது, அல்லது அசையாமல் கிடக்கிறது.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பலகாரம் போடுற வேலை."

"அடுப்பு எப்படி, நின்னுட்டா, உக்காந்தா?"

"உக்காந்துதான். மணை போட்டு."

"எத்தனை வருஷமா?"

"மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியிருந்து."

அவர் பேனாவை மூடி வைத்தார். உடம்பின் மற்றப் பாகத்தைவிட விதை இருக்கும் அந்த இடம் குளிர்ச்சியாக இருந்தால்தான் உயிரணு ஒழுங்காக உண்டாகும், அதனால்தான் கடவுள் அதை வெளியே வைத்திருக்கிறார் என்றார். "இதுமட்டும்தான் காரணம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அடுப்பை விட்டுத் தள்ளியிருங்க. புதுசா உண்டாகி வர மூணு மாசம் ஆகும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில், எக்ஸ்ரே அறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றது கண்முன் வந்து வந்து போனது. அவளாகச் சொன்னாள்: "தெரிஞ்சுபோச்சுல்ல, விடுங்க. அண்ணன்கிட்ட என்ன சொல்லப் போறீக?"

அதுதான் அடுத்த பயம். பொரிக்கிறவன் அடுப்பை விட்டு எழுந்தால் காரணம் சொல்ல வேண்டும். முதுகு வலி என்றேன். அண்ணன் நம்பினார். அடுப்புக்கு வேறு ஆள் போட்டார். நான் கைமுறுக்குச் சுற்றப் போனேன். எங்கள் தொழிலில் அது பெண்கள் செய்கிற வேலை. துணியை விரித்து வரிசையாக உட்கார்ந்து, மாவை விரலால் முறுக்கி முறுக்கிச் சுற்றுவார்கள். அந்த வரிசையின் கடைசியில் போய் நானும் உட்கார்ந்தேன். எங்களிடம் வெகுகாலமாக வேலை பார்க்கும் செல்லம்மா விடவில்லை.

"அண்ணே, ஒங்க முறுக்கு மூணாவது சுத்துல வழி தெரியாம நிக்குது. ரெண்டு பூவும் வாங்கி வச்சுக்கங்க, எங்க கூட்டத்துல சேத்துக்கிறோம்."

தலையைக் குனிந்துகொண்டே சுற்றினேன். முதுகு வலிக்கவே ஆரம்பித்துவிட்டது.

மூன்று மாதம் கழித்துக் கொஞ்சம் தேறியிருந்தது, போதுமான அளவுக்கு இல்லை. முதலில் சின்ன வைத்தியம் செய்தார்கள். உயிரணுவைக் கழுவி, நல்லதைப் பிரித்து, முட்டை வெடிக்கும் நாளில் மெல்லிய குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் விடுவது. வலி இல்லை, தங்க வேண்டாம். இரண்டு தடவை செய்தோம். இரண்டு தடவையும் நாள் தள்ளிப்போவது போலப் போய், தலைக்குக் குளித்தாள். இரண்டாவது தடவை குளியலறையிலிருந்து வந்தவள் நேராக மல்லி அரைக்கப் போய்விட்டாள். 

அடுத்தது பெரிய வைத்தியம். முட்டையை வெளியே எடுத்து, ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு உயிரணுவை ஊசியால் செலுத்திக் கருவாக்கி, அதைத் திரும்ப உள்ளே வைப்பது. ஒரே ஒரு உயிரணு போதும் என்பதால் என்னைப் போன்றவர்களுக்கு இதைச் சொல்கிறார்கள். செலவு அதிகம். நாங்கள் வைத்திருந்ததெல்லாம் இந்த ஒரு தடவைக்குத்தான். இன்னொரு தடவை முடியாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், பேசிக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். முதலில் சொல்லும் தொகைக்குள் எது சேர்த்தி, எது தனி என்று எழுதி வாங்குங்கள். மயக்க மருந்து, ஊசி மருந்து, கருவைக் குளிரில் வைத்திருப்பது எல்லாம் தனித்தனியாக வந்து நிற்கும்.

முட்டைகள் பல ஒரே சமயத்தில் வளர்வதற்காகத் தினம் ஒரு ஊசி, வயிற்றில், ஒரே நேரத்தில். பேனா மாதிரி இருக்கும். நர்ஸ் எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் நடுங்காத கை அவள் வயிற்றுச் சதையைப் பிடித்ததும் நடுங்கியது. இரண்டாம் நாள் வள்ளி பேனாவைப் பிடுங்கித் தானே போட்டுக்கொண்டாள். "நீங்க விளக்கை மட்டும் காட்டுங்க" என்றாள்.

மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். எங்கள் பின்கட்டில் குளிர்பெட்டி இல்லை, முன்கட்டில்தான். அண்ணன் மனைவி மீனாளிடம் கொடுத்தோம். அண்ணன் மனைவியை நாங்கள் அண்ணமிண்டி என்போம்.

"என்ன மருந்து தம்பி இது?"

"கண்ணு மருந்து" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"யாருக்கு?"

"அவளுக்கு."

அண்ணமிண்டி தயிர்ச் சட்டியைத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தது. அன்றிலிருந்து வள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணை உற்றுப் பார்த்தது. "செவப்பு ஒண்ணும் தெரியலையே" என்று ஒரு நாள் சொன்னது. பொன்னாங்கண்ணிக் கீரையாக ஆய்ந்து அனுப்பியது.

வள்ளிக்கு வயிறு உப்பியது. தலைவலி. ஒன்றுமில்லாததற்கு அழுதாள். இதெல்லாம் மருந்தால் வருவது, பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பயப்படத்தான் செய்தோம். வயிறு ரொம்ப வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ மட்டும் உடனே வரச் சொன்னார்கள். அதனால் அவள் ஒவ்வொரு மூச்சையும் நான் கவனித்தேன். "இப்படிப் பாத்தா நல்லா விடுற மூச்சும் நின்னுரும்" என்றாள்.

முட்டை எடுக்கும் நாளில் மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும். அவளை உள்ளே கூட்டிப்போன பிறகு என் பங்குக்கு நானும் டப்பாவோடு போனேன். இந்தத் தடவை தாமதம் ஆகவில்லை, அவ்வளவு பயம். டப்பாவை வாங்கும்போது என் பேர், அவள் பேர் இரண்டையும் என்னையே சொல்லச் சொன்னார்கள். ஒட்டியிருந்ததைப் படிக்கச் சொன்னார்கள். மாறிப்போகுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். கேட்க வெட்கப்பட வேண்டாம். நானே வாய் திறந்து, "மாறிடாதுல்லங்க?" என்று கேட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பேர் சரிபார்ப்போம் என்று நின்று பதில் சொன்னார்கள்.

அரை மயக்கத்தில் வெளியே வந்த வள்ளி, "மனகோலத்துக்குப் பாகு பதம் பாத்தாச்சா?" என்று கேட்டாள். நர்ஸ் என்னைப் பார்த்தார். "பாத்தாச்சு, படு" என்றேன்.

அதன் பிறகு போனுக்குக் காத்திருப்பது. இதை யாரும் சொல்லித்தராததால் சொல்கிறேன்: எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும். பத்துக்குப் பக்கமாக முட்டை எடுத்தார்கள். பாதிதான் முதிர்ந்தவை. கருவானது மூன்று. ஐந்தாம் நாள்வரை தாக்குப்பிடித்தது இரண்டு. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் இன்னொன்று போயிற்று என்றுதான் மனது சொல்லும். இரண்டையும் வைத்துவிடலாம் என்றார்கள். குளிரில் எடுத்து வைக்க மிச்சம் எதுவும் இல்லை.

கரு வைப்பதற்கு மயக்கம் கிடையாது. சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று தண்ணீராகக் குடிக்கச் சொல்வார்கள், அதுதான் கஷ்டம். என்னையும் உள்ளே விட்டார்கள். திரையில் சாம்பல் நிறத்தின் நடுவே வெள்ளையாக ஒரு பொட்டு வந்து நின்றது. உப்புக்கல் அளவு. இரண்டும் அதற்குள்தான். "அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். படுத்தே கிடக்க வேண்டாம், பஸ்ஸில் போகலாம், வீட்டு வேலையும் பார்க்கலாம், ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள். அந்த இரண்டு வாரம்தான் இத்தனையிலும் கொடுமை. ஊசியில்லை, போன் இல்லை, செய்வதற்கு ஒன்றுமே இல்லை. மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒன்றைச் சுமந்துகொண்டு, அவள் வீட்டுக்குள் மெல்ல நடந்தாள். இடுப்பு வலித்தால் நல்லதா என்று கேட்டாள். வலிக்காவிட்டால் கெட்டதா என்று கேட்டாள்.

அந்த இரண்டு வாரத்துக்குள் எங்கள் பிள்ளையார் நோன்பு வந்தது.

மற்றவர்களுக்காக அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரத்தார் வீடுகளில் கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள் மாலையில் இந்த நோன்பு. புது வேட்டியிலிருந்து இருபத்தொரு நூல் எடுத்துத் திரியாக்கி, அரிசி மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த உருண்டையில் வைத்து ஏற்றுவார்கள். அதுதான் இழை. வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று எடுத்துக் கொடுப்பார். எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டு விழுங்க வேண்டும். ஆளுக்கு ஒன்று. முழுகாமல் இருக்கும் பெண் மட்டும் இரண்டு எடுத்துக்கொள்வாள், ஒன்று தனக்கு, ஒன்று வயிற்றில் இருப்பதற்கு.

நோன்பு அன்று காலையிலிருந்து வள்ளி அதைச் சொல்லாமலே சுற்றிக்கொண்டிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் சொல்லிவிட்டாள்.

"எடுத்துக்கிட்டு, பிறகு இல்லைன்னு ரிப்போர்ட் வந்துச்சுன்னா?"

நான் தட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

"எடுக்காம விட்டு, இருந்துச்சுன்னா?"



"வேண்டாம்" என்றாள். "ரெண்டு எடுத்தா பங்காளி வீடு பூராத் தெரிஞ்சுபோகும். இல்லைன்னு ஆச்சுன்னா அத்தனை பேரு மூஞ்சியிலயும் நான்தான் முழிக்கணும். ஒண்ணே எடுத்துக்கிறேன்."

சரி என்றேன்.

மாலையில் முன்கட்டில் எல்லோரும் கூடினோம். பங்காளி வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். அப்பச்சியும் ஆத்தாளும் போன பிறகு அண்ணன்தான் இழை கொடுக்கிறார். எனக்குக் கொடுத்தார். விழுங்கினேன். அடுத்தது வள்ளி. வாங்கினாள், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். அண்ணன் அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பினார். வள்ளி நகரவில்லை. அவள் கை பாதி எழுந்தது. பிறகு முந்தானைக்குள்ளேயே போய்விட்டது.

நான் அண்ணனுக்கு முன்னால் கையை நீட்டினேன்.

"உனக்குக் குடுத்தாச்சுடா" என்றார் அண்ணன்.

கையை எடுக்கவில்லை.

பங்காளி முறையில் சித்தப்பா ஒருவர், எப்போதும் கேலி பேசுகிறவர், உரக்கச் சொன்னார்: "என்னப்பா, நீ முழுகாம இருக்கியா? எத்தனை மாசம்? முறுக்குச் சுத்தப் போனப்பவே நெனச்சேன்!"

கூடம் முழுக்கச் சிரித்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் அப்படியே எழுந்து பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். காது இரண்டும் சுட்டது. கை மட்டும் இறங்கவில்லை.

"எனக்கில்ல" என்றேன். "வள்ளிக்கு. வயித்துல இருக்கிறதுக்கு. இருக்கான்னு தெரியாது. மதுரையில வச்சிருக்காக. இருந்தா..."

 சிரிப்பு எங்கே நின்றது என்று தெரியவில்லை. வள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். முதலில் பேசியது அண்ணமிண்டிதான்.

"கண்ணு மருந்தாம்ல, கண்ணு மருந்து!" என்றது. "நான் கீரை ஆஞ்சே வெரலு தேஞ்சுபோச்சு." குரல் உடைந்து வந்தது. அண்ணன் ஓர் இழையை ஏற்றி என் கையில் வைக்கப் போனார். "அதை அவுக முழுங்கி என்னாகப் போகுது? அவ கையில குடுங்க" என்று அண்ணமிண்டி அதட்டியது. வள்ளி வாங்கினாள். சுடர் ஆடியது. அணைவதற்குள் வாயில் போட்டுக்கொண்டாள். கேலி பேசிய சித்தப்பா மூக்கைச் சிந்திக்கொண்டே வாசலுக்குப் போனார்.

எல்லோருக்கும் தெரிந்த பிறகு பயம் குறையும் என்று நினைத்தால் அது இல்லை. கூடியது. இரண்டு நாள் கழித்து உள்ளாடையில் பழுப்பாகக் கறை பட்டது. வள்ளி என்னைக் கூப்பிடவில்லை, அண்ணமிண்டியைக் கூப்பிட்டாள். போன் பண்ணினோம். கரு ஒட்டும்போதும் இப்படி வரலாம், மாதவிலக்காகவும் இருக்கலாம், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றார்கள். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். காத்திருங்கள் என்று அர்த்தம் என்றார்கள். நான் கையை நீட்டியதால்தான் இப்படி ஆயிற்றோ என்று ஓடிய எண்ணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாட்களில் வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணமிண்டி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போகும். எண்ணெய் வாடை வள்ளிக்கு ஆகவில்லை என்று தெரிந்ததும் அண்ணன் அடுப்பையே பெயர்த்துக் கொல்லைக் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டார். என் முதுகு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். "அது முதுகு இல்லண்ணே" என்றேன். "தெரியுதுடா" என்றார்.

ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது என்று வந்தது. அழுவதற்குள், இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும், ரத்தத்தில் காட்டிய கர்ப்ப எண் இரட்டிப்பாக ஏற வேண்டும் என்றார்கள். ஏறியது. சந்தோஷப்படுவதற்குள், ஸ்கேனில் துடிப்பு பார்த்த பிறகுதான் உறுதி என்றார்கள். இந்த வைத்தியத்தில் ஒவ்வொரு படியிலும் இப்படித்தான். ஏறி நின்றதும் அடுத்த படியைக் காட்டுவார்கள்.

ஸ்கேன் அறையில் என்னைக் கூப்பிட்டார்கள். திரையில் இரண்டு கருப்பு வட்டங்கள். ஒன்றுக்குள் ஏதோ மினுக்மினுக்கென்றது. "இதுதான் துடிப்பு" என்றார் டாக்டரம்மா. வள்ளி என் விரலைப் பிடித்தாள். டாக்டரம்மா கருவியை நகர்த்தினார். அடுத்த வட்டத்தில் அதிக நேரம் நின்றார். அதில் ஒன்றும் மினுங்கவில்லை.

"இது வளராம நின்னுடுச்சு. தானா கரைஞ்சிரும். மத்ததுக்கு ஒண்ணும் பண்ணாது. இப்படி ஆகறது சகஜம், யாரும் எதுவும் செஞ்சதால இல்ல."

ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டுக்கொண்டோம். எதற்கு முகம் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெளியே வந்து, மாத்திரை வாங்கி, பஸ் ஏறினோம்.

திருப்பத்தூர் தாண்டும்வரை வள்ளி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ரெண்டு வச்சாக" என்றாள். "நீங்க ஒண்ணுக்குத்தானே கையை நீட்டினீக?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

"யாரும் எதுவும் செஞ்சதால இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாகல்ல" என்றேன்.

"சொன்னாக. எனக்கும் கேட்டுச்சு."

கண்டக்டர் சில்லறை கொடுத்துவிட்டுப் போனார். வெளியே கருவேலங்காடு ஓடியது. அவள் கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது.

"நான் எனக்குன்னு ஒண்ணு எடுத்தேன்ல" என்றேன். "அதை அதுக்குன்னு வச்சுக்க."

திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு இந்த வருசம் இல்லாட்டிப் பரவால்ல."

அவள் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, மறு கையால் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். காரைக்குடி வரும்வரை நான் கையை எடுத்துக்கொள்ளவில்லை.